டூலின் மேல்முகம்

அய்யா துணை

மறுவாழ்வு மையம்
9.2.2025

அன்புள்ள தம்பி ஸ்ரீஜித்துக்கு,

அண்ணன் சுயம்புராஜ் எழுதுவது. அய்யா உண்டு. இங்கே நான் சுகம். உன் சுகமும் நந்தனாவின் சுகமும் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்பதும் அறிய ஆவல்.

பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வாசலிலேயே போனை வாங்கி ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, பூட்டிவிட்டார்கள். ஆகஸ்டில்தான் திரும்பக் கிடைக்கும். சவரம் செய்தபின் தடவுகிற லோஷனையும் எடுத்துக்கொண்டார்கள். அதையும் குடித்தவன் ஒருவன் எனக்கு முன்னால் இங்கே இருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம். ஆலோசகர் ஸ்டெனி மேடம் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்ப்பார்.

முதல் எட்டு நாள் கை ஆடிய ஆட்டத்தில் டம்ளரைப் பிடிக்க ரெண்டு கையும் வேண்டியிருந்தது. இந்தக் கைதான் மைக்ரோமீட்டர் பிடித்தது என்று பக்கத்துக் கட்டில்காரனிடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கஞ்சி சிந்திவிட்டது. இப்போது பரவாயில்லை, ஒரு கையில் குடிக்கிறேன்.

பட்டறை எப்படிப் போகிறது? தனியாகக் கிடந்து சாகாதே. லேத்துக்கு எண்ணெய் விட மறக்காதே. உன் அண்ணி சபிதா அடுத்த மாதம் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வந்தால் நல்லது.

நீ பதில் எழுதினால் எனக்குப் பொழுது போகும்.

அன்பு அண்ணன்
சுயம்புராஜ்


அய்யா துணை

கொட்டாரம்
20.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அய்யா உண்டு. உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மா முழங்காலில் தைலம் போட்டு நடக்கிறாள். நீ ஒரு கையில் கஞ்சி குடிக்கிறாய் என்று வாசித்துக் காட்டியதும் அழுதுவிட்டாள். சந்தோஷ அழுகைதான்.

ஒரு வேலை வந்திருக்கிறது. இனயத்திலிருந்து மரியான் என்று ஒருவர், படகுகளுக்கு விளக்கு செய்பவர். வலை விரித்த இடம் தெரிய மிதவையில் மினுக்கு விளக்கு கட்டுவார்கள் அல்லவா, அதற்கு அக்ரிலிக்கில் இருபத்தினாலு கூடு கடைந்து தரவேண்டும். உள்ளே குடைந்து, மூடி இறுக நூல் வெட்டி, ரப்பர் வளையம் உட்கார ஒரு பள்ளம். "கண்ணாடி மாதிரி இருக்கணும் மக்கா. வெள்ளம் ஒரு சொட்டு உள்ள போவப்பிடாது" என்றார். ஒரு ராடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் அக்ரிலிக்கைத் தொடவில்லை. உனக்குத் தெரியும். இரும்பு கடைகிறேன், பித்தளை கடைகிறேன், ஒற்றைக் கண்ணோடு அதெல்லாம் பழகிவிட்டது. அக்ரிலிக் என்றால் மட்டும் கை ஒதுங்கிக்கொள்கிறது. ஊரிலும் நுணுக்கமான வேலை என்றால் என்னிடம் தருவதில்லை. 'ஸ்ரீஜித்துக்குக் கை தப்பும்' என்ற பேச்சு ஜங்ஷன் டீக்கடை வரைக்கும் இருக்கிறது. இந்த இருபத்தினாலையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்தப் பேச்சு போகும், எனக்குள் இருக்கிற பயமும் போகும்.

நந்தனா சம்மதிக்கவில்லை. "ஒரு கண்ணு போனது காணாதா?" என்று கேட்கிறாள்.

எந்த டூல் போட? எப்படித் தீட்ட? விவரமாக எழுது. இன்னொன்றும் கேட்கவேண்டும். அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவன் நீதான். நான் என்ன தப்புச் செய்தேன்? ஹேண்டிலை எவ்வளவு வேகமாகத் தள்ளினேன்? எனக்கு ராடு வெடித்த சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. நீ பார்த்ததைச் சொன்னால் அதைத் திருத்திக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
ஸ்ரீஜித்


அய்யா துணை

மையம்
2.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

அய்யா உண்டு. நான் சுகம். அம்மாவிடம் நான் ரெண்டு கிலோ ஏறியிருப்பதாகச் சொல்.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் பட்டறை வாசனைதான். யோகா வகுப்பில் கண்ணை மூடு என்றால் லேத் ஓடுகிறது. சரி, கேட்டுக்கொள்.

கார்பைடு டிப் வேண்டாம். கடையில் கிடைப்பது இரும்புக்கு. உடையாமல் இருக்க விளிம்பைக் கொஞ்சம் மழுக்கித்தான் அனுப்புவார்கள். அது அக்ரிலிக்கை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூடேறினால் உருகி, வந்த சீவலே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்துக்கென்று பளபளவென ஒரு டிப் உண்டு, அதில் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் நமக்கு ஹைஸ்பீட் டூலே போதும். இரும்பில் ஒரு தடவைகூடப் படாத புதுசாக ஒன்று வாங்கி அக்ரிலிக்குக்கு மட்டும் வை.

முக்கியம் மேல்முகம், அதாவது சீவல் ஏறி ஓடுகிற பக்கம். அது மட்டம் பார்த்தது போலத் தட்டையாக இருக்கவேண்டும். இரும்புக்குச் சரிப்பதுபோலப் பின்னால் சரித்தாயோ, டூல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அக்ரிலிக் வளைந்து கொடுக்காது, தெறிக்கும். முன்பக்கத்தில் அடியைத் தாராளமாகக் கழித்துவிடு. மூக்கைச் சற்று உருட்டு. பிறகு எண்ணெய்க்கல்லில் தீட்டு. நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கவேண்டும். துளை போடுகிற டிரில்லின் வெட்டுவாயையும் கல்லில் ரெண்டு இழுப்பு இழுத்துத் தட்டையாக்கிவிடு, அதுவும் இதேபோல இழுக்கும்.

ராடில் தாள் சுற்றிச் சக்கில் பிடி, நெரிக்காதே. சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். முடித்தபின் ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைக்காதே, மறுநாள் பார்த்தால் மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டிருக்கும். சாராயம் ஆகாத பொருள் அது. என்னைவிடப் புத்தியுள்ளது.

முகத்துக்குக் கவசம் போடாமல் சுவிட்சைத் தொடாதே. இது என் ஆணை.

அன்பு அண்ணன்
சுயம்புராஜ்


அய்யா துணை

கொட்டாரம்
14.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அய்யா உண்டு. இங்கே அனைவரும் நலம். நீ எடை ஏறியதற்கு அம்மா அய்யாவின் தாங்கலில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள்.

உன் கடிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எல்லாம் புரிகிறது. ஒன்றுதான் இடிக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை, மறந்திருப்பாய். அதை நானே யோசித்துப் பார்த்தேன்.

அன்றைக்கு ஓடிய டூலை நான் தூரப்போடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டினாயே, "டூலு நல்லாத்தான் இருக்கு, இவன் கொஞ்சம் வேகமா தள்ளிட்டான்" என்று. அதே டூல். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நேற்று எடுத்து மேல்முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கீற்று ஒளிகூட உள்ளே வரவில்லை. அவ்வளவு தட்டை.

அப்படியென்றால் தட்டையான டூல்தானே அன்றைக்கு இழுத்தது? தட்டையாகத்தான் வேண்டும் என்று அன்று காலையில் உன்னிடம் சொன்னவனே நான்தான். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. ஒன்று, தட்டை முகம் எல்லாரும் சொல்வதுபோல நல்லதில்லை. இல்லை, என் கை நல்லதில்லை. கையை மாற்ற முடியாது, டூலை மாற்றலாம். சரிவு வைத்துச் சாணை பிடித்தால் லேசாக வெட்டும், கைக்குப் பளு குறையும். ஆகவே ஒன்றைப் பின்னால் சரித்துப் பிடித்திருக்கிறேன். திங்கட்கிழமை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

நான் யோசித்ததில் தப்பு இருந்தால் சொல்.

உன் தம்பி
ஸ்ரீஜித்


அய்யா துணை

மையம்
23.3.2025

தம்பி,

அய்யா உண்டு. சுகம் விசாரிப்பெல்லாம் பிறகு.

சரிவு வைத்த டூலைப் போடாதே. உன் கடிதம் நேற்றுதான் கையில் வந்தது. திங்கட்கிழமை போய்விட்டது, நீ தொடங்கியிருப்பாய் என்று நினைத்து ராத்திரி சோறு இறங்கவில்லை. தட்டைதான் சரி. நீ அன்று காலையில் சொன்னதும் சரிதான். அண்ணன் சொல்கிறேன், நம்பு.

அன்றைக்கு நடந்தது வேறு எதனாலாவது இருக்கும். ராடு மட்டமாக இருந்திருக்கலாம். வார்க்கும்போதே உள்ளே கீறல் விழுந்த சரக்கு சில சமயம் வரும். மரியான் தந்த ராடைப் போடாமல் நாகர்கோவிலில் நல்ல கடையில் புதுசு வாங்கு.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

சுயம்புராஜ்


அய்யா துணை

கொட்டாரம்
6.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அய்யா உண்டு. உன் உடம்பு எப்படி? இங்கே சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் ஒரு காரியம் நடந்தது, மறைக்கக்கூடாது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். சரிவு வைத்த டூலில் மூன்று கூடு நல்லபடி வந்தது. வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போயிற்று. நாலாவதில் டூல் இழுத்தது. நான் தள்ளவே இல்லை அண்ணா, கை ஹேண்டிலில் சும்மா இருந்தது. ராடு வெடித்து ஒரு துண்டு கவசத்தில் பட்டுத் தெறித்து, சுவரில் தொங்கிய காலண்டரில் மார்ச் மாதத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. சத்தம் கேட்டு நந்தனா ஓடிவந்தாள். காலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. புது ராடு வாங்கி, புது டூலைத் தட்டையாகப் பிடித்து, நீ சொன்னதுபோலவே செய்தேன். பழைய மூன்றையும் கணக்கில் சேர்க்காமல் எட்டு கூடு முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் பளிங்கு. மரியான் தடவித் தடவிப் பார்த்தார். "இது எந்த மிசின்ல செஞ்சது மக்கா?" என்று கேட்டார்.

ஆனால் அதில் எனக்குச் சந்தோஷமில்லை. அன்றைக்கும் தட்டை டூல்தான், அன்றைக்கும் வெடிக்கும்வரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை டூல் நெருங்கும்போதும் இதோ, இதோ என்று காத்திருக்கிறேன். எட்டு தடவை தப்பித்தேன் என்றுதான் இருக்கிறது. ஒன்பதாவதைச் சக்கில் பிடித்து மூன்று நாளாயிற்று, ஓடவிடவில்லை.

ராடு மட்டம் என்று எழுதியிருந்தாய். என் மனம் நோகாமலிருக்க எழுதினாய் என்று தெரிகிறது. எனக்கு அது வேண்டாம். என் கை தப்பியிருந்தால் தப்பியது என்று சொல், எப்படித் தப்பியது என்று சொல். நோகமாட்டேன். எது என்று தெரிந்தால் பழகிச் சரிசெய்துவிடலாம். தெரியாததுதான் ஆளைக் கொல்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி ஸ்ரீஜித்


அய்யா துணை

மையம்
4.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

அய்யா உண்டு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் காய்ச்சல். பிறகு காய்ச்சல் விட்டும் எழுதவில்லை, சோம்பல் என்று வைத்துக்கொள். அம்மா சுகமா? வெயில் அதிகம் என்று சபிதா வந்தபோது சொன்னாள்.

எட்டு நன்றாக வந்தது கேட்டு மகிழ்ச்சி. அப்படியே போ. சோப்புத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூட ஊற்று. சீவல் தொடர்ச்சியாகச் சுருண்டு வருகிறதா பார், தூளாக வந்தால் டூல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கே ஸ்டெனி மேடம் ஒரு பாடம் தந்திருக்கிறார். குடியால் யார் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்கள் பெயரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதவேண்டும். நான் பதினாறு பெயர் எழுதினேன். சபிதாவில் தொடங்கி, பஸ்ஸில் என்னால் சட்டை நனைந்த ஒரு வாத்தியார் வரைக்கும். மேடம் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வரி காலியா விட்டிருக்கீங்களே?" என்றார். வரிசை தப்பிவிட்டது என்று சொன்னேன்.

பயப்படாமல் வேலை செய். கண்ணைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்
சுயம்புராஜ்


அய்யா துணை

கொட்டாரம்
19.5.2025

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நந்தனா எழுதுகிறேன். அய்யா உண்டு. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தை சுகம். உங்கள் தம்பிக்கும் உடம்புக்குக் குறைவில்லை.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. மீதிப் பதினாறு கூடு வேலையை அவர் மரியானிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். மரியான் வீடு தேடி வந்து, "ஏன் மக்கா, இத்தற நல்லா செய்துட்டு வேண்டாம்னு சொல்லுத?" என்று கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காலையில் பட்டறைக்குப் போகிறார், லேத் முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார், சுவிட்சைப் போடாமல் திரும்பி வருகிறார். இப்போது இரும்பு வேலையும் எடுப்பதில்லை.

வள்ளியூரிலிருந்து ஒருவர் லேத்தைக் கேட்டு வந்தார். லேத் உங்கள் ரெண்டு பேருக்கும் பொது. உங்களிடம் கேட்க இவருக்கு வாய் வரவில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

அத்தான், அன்றைக்குப் பட்டறையில் நீங்கள் ரெண்டுபேர்தான் இருந்தீர்கள். இவர் கைதான் தப்பியது என்றால் அதை விளக்கமாகச் சொல்லிவிடுங்கள், நிம்மதியாக விட்டுவிடுவார். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். இவர் உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் நம்பமாட்டார். எனக்கு இந்தத் தொழில் பிடிக்காது, லேத் போனால் விளக்கேற்றுவேன். ஆனாலும் இவர் இப்படி நிற்பதைப் பார்க்கமுடியவில்லை.

இப்படிக்கு
நந்தனா


அய்யா துணை

மையம்
25.5.2025

அன்புள்ள நந்தனாவுக்கு,

அய்யா உண்டு. கடிதம் கிடைத்தது. லேத்தைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு முழுச் சம்மதம். தொழில் போனால் இன்னொரு தொழில், கண் போனால் வராது. அவன் சின்ன வயசிலிருந்தே எதையும் மனசில் போட்டுக் குழப்புகிறவன். லேத் கண்முன்னால் இல்லையென்றால் எல்லாம் மறந்துவிடும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

சுயம்புராஜ்


அய்யா துணை

மையம்
22.6.2025

தம்பி ஸ்ரீஜித்துக்கு,

அய்யா உண்டு. ஒரு மாதமாக உன்னிடமிருந்தும் நந்தனாவிடமிருந்தும் கடிதம் இல்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும்.

லேத்தை இன்னும் கொடுக்கவில்லையென்றால் நிறுத்து. முதலில் இதைச் செய், பிறகு மீதியைப் படி.

உன் கை தப்பவில்லை. டூல்தான் தப்பு. அதைப் பிடித்தவன் நான்.

அன்று காலையில் நீ தட்டையாகப் பிடிக்கச் சொன்னாய். நான் மத்தியானம் ஜங்ஷன் போய்க் குடித்துவிட்டு வந்து சாணையில் உட்கார்ந்தேன். இரும்புக்குப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை, தன்போக்கில் பின்னால் சரித்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. டூலை நானே மாட்டி, "ரெடிடே, ஓட்டு" என்றேன். நீ என்னை நம்பி ஓட்டினாய். நீ வேகமாகத் தள்ளவில்லை. நீ என்றைக்கும் வேகமாகத் தள்ளியவனில்லை.

உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபின் பட்டறையைப் பூட்ட நான் மட்டும் நின்றேன். டூலைக் கழற்றிப் பார்த்தேன், சரிவு தெரிந்தது. சாணையை ஓடவிட்டு மேல்முகத்தைத் தட்டையாக்கினேன். கல்லிலும் தீட்டினேன். தரையில் உன் ரத்தம் கிடந்தது. நான் முதலில் டூலைத்தான் தேய்த்தேன், பிறகுதான் தரையைத் துடைத்தேன். ஸ்கேல் வைத்தால் ஒளி வரவில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தாய். வராது. குடித்திருந்த கை அந்த வேலைக்கு மட்டும் ஆடவே இல்லை.

இரும்புக்கு வேறு, இதற்கு வேறு என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். நீ அந்தத் தேய்த்த டூலைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நல்ல டூலைச் சந்தேகப்பட்டாய். சரித்துப் பிடித்தேன் என்று நீ எழுதியபோதே நான் சொல்லியிருக்கவேண்டும். ராடு மட்டம் என்று எழுதினேன். அந்தத் துண்டு காலண்டரில் பட்டது உன் அதிர்ஷ்டம், என் யோக்கியதை இல்லை.

நந்தனா கேட்டு எழுதியபோது லேத்தைக் கொடுத்துவிடு என்று பதில் எழுத எனக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. லேத் போய்விட்டால் உன் மற்றக் கண்ணுக்கு ஆபத்தில்லை, எனக்கும் எதையும் சொல்லவேண்டியதில்லை. இவ்வளவு சுலபமாக வழி கிடைத்ததே என்று அன்று நன்றாகத் தூங்கினேன் தம்பி. தூங்கியதை நினைத்தால்தான் இப்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நோட்டில் காலியாக விட்ட வரியில் உன் பெயரை எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை மேடம் படிக்கவில்லை. நான் நீட்டியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஒட்டச் சொல்லிவிட்டார்.

மன்னித்துவிடு. வேறு என்ன எழுத என்று தெரியவில்லை.

சுயம்புராஜ்


தடிக்காரன்கோணம்
3.7.2025

சுயம்புராஜ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கொட்டாரம் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர ஜூன் இருபத்தெட்டு ஆகிவிட்டது. லேத்தை ஜூன் பதினாலாம் தேதியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் இப்போது நந்தனாவின் அம்மா வீட்டில் இருக்கிறோம். கீரிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் சுமக்கிறேன். மரத்தில் பால் வெட்டத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கத்தி பிடிக்கிற வேலை எனக்கு வேண்டாம், கை தப்பும் என்று நானே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். கண் ஞாபகம் வரவில்லை. அந்த எட்டுக் கூடுதான் ஞாபகம் வந்தது. எட்டையும் ஏதோ தப்பிப் பிழைத்தவை என்று சொல்லித்தான் மரியானிடம் கொடுத்தேன். அவர் புகழ்ந்தபோது கூச்சமாக இருந்தது. அவை நான் கடைந்தவை அண்ணா. அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்திருப்பேன்.

குடித்தீர்கள், டூலைத் தப்பாகப் பிடித்தீர்கள், கண் போயிற்று. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஆறு மாதம் உங்களோடு பேசாமல் இருந்திருப்பேன். ஏழாவது மாதம் ரெண்டு பேரும் அதே லேத் முன்னால் நின்றிருப்போம். எனக்கு அது நன்றாகத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும். நான் மூன்று தடவை கேட்டேன். நந்தனா ஒரு தடவை கேட்டாள். சோப்புத் தண்ணீர் கூட ஊற்று என்று எழுதினீர்கள்.

நீங்கள் என்று எழுதுவது எனக்கே புதிதாக இருக்கிறது. நீ என்று எழுதித்தான் தொடங்கினேன், வரவில்லை. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

உங்களை வாசற்படி மிதிக்க விடமாட்டேன் என்று நந்தனா சொல்கிறாள். நம் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஆகஸ்டில் உங்களை வெளியே விடுவார்கள். நேராக இங்கே வராதீர்கள். கொட்டாரம் ஜங்ஷனில் இறங்குங்கள். அந்த டீக்கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், என் தம்பிக்குக் கை தப்பாது, தப்பியது என் கை என்று சொல்லுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். குடிக்காமல் நின்று சொல்லுங்கள்.

அதன்பிறகு வாருங்கள். நந்தனாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்ரீஜித்